ஒரு சொட்டும் தொடாத தாத்தா

1

மகள் ஊற்றிக் கொடுத்த பீரைக் குடித்தேன் என்று முதல் வரியிலேயே எழுதினால், நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு என் மனைவிக்குப் போன் போடுவார்கள். போடட்டும். வசந்தாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது. அதில் இருந்தது இஞ்சிச் சாறு என்பதை அவளுடைய திருப்பதி அண்ணன்மார் நிம்மதிக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தில், தெற்குத் தீவின் நெல்சன் என்கிற ஊரில். ஆப்பிளும், பீருக்குக் கசப்பைத் தருகிற ஹாப்ஸ் கொடியும் விளைகிற பக்கம். ஆப்பிள் அடுக்கும் குளிர்க்கிடங்குகளில் மெஷின் பார்ப்பது என் வேலை. வசந்தா ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் மிருதுளா. பயோகெமிஸ்ட்ரி படித்து முடித்தாள். மருந்துக் கம்பெனியில் சேரப் போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோம். அவளோ பழைய ஆப்பிள் ஷெட் ஒன்றில் நாலே பேர் நடத்துகிற சின்ன பீர் ஆலையில் போய்ச் சேர்ந்தாள்.

ஊருக்கு என்ன சொன்னோம்? "ஃபுட் லேப்பில் வேலை" என்றோம். யாராவது மேலே கேட்டால் "ரிசர்ச்" என்றோம். ரிசர்ச் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள் முதன்முதலாகத் தானே யோசித்து, தானே காய்ச்சிய பீர் தயாராகியிருந்தது. போன சனிக்கிழமை மதியம் அதை ருசி பார்க்க அப்பா அம்மா வந்தே ஆக வேண்டும் என்றாள். எனக்கு இஷ்டமில்லை. "புள்ள ஆசையா கூப்புடுது, போயிட்டு வந்துடலாங்க. மூஞ்சிய மட்டும் தூக்கி வெச்சுக்காதிங்க" என்றாள் வசந்தா. மூஞ்சியைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு போனேன்.

2

ருசி பார்ப்பது என்பது இங்கே ஒரு சடங்கு. நீளப் பலகை ஒன்றில் ஐந்து குட்டி கிளாஸ்கள் வரும். வெளிறினதிலிருந்து கறுத்தது வரை வரிசையாக இருக்கும். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும், பிறகு மூக்கு, பிறகுதான் நாக்கு. நடுவே ஒரு பிஸ்கெட், ஒரு வாய் தண்ணீர். பிடிக்காவிட்டால் ஊற்றிவிட ஒரு வாளியும் உண்டு. "இருமல் மருந்து குடுக்கற மாதிரி இருக்குது" என்று வசந்தா என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு முதல் கிளாஸைப் பழக்கதோஷத்தில் அண்ணாந்து வாயில் ஊற்றினேன். பாதி நுரை மூக்கில் ஏறியது. மிருதுளா சிரித்துக்கொண்டே துண்டுத் தாளை நீட்டினாள். "அப்பா, கிளாஸை உதட்டில வைக்கலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

ஆலையின் முதலாளி ப்ரூஸ். அறுபது வயது, யானை உடம்பு, குழந்தைச் சிரிப்பு. வாசலுக்கு நேரே இருந்த சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழுப்புக் காகிதம் மாட்டியிருந்தது. நான் ஏதோ லைசென்ஸ் என்று நினைத்தேன். "என் தாத்தா" என்றார் ப்ரூஸ். "தெற்கே மலைக்காட்டில் திருட்டு விஸ்கி காய்ச்சிப் பிடிபட்டார். கோர்ட் போட்ட அபராத உத்தரவு இது." பரிசு வாங்கின பேரனைக் காட்டுவதுபோலக் காட்டினார். வந்திருந்த இரண்டு பெண்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

3

பிறகு டேங்குகளைக் காட்ட அழைத்துப் போனார்கள். ஆள் உயரத்துக்கு மேலே பளபளவென்று ஸ்டீல் டேங்குகள். உள்ளே பீர் நுரைத்துப் புளிக்கிறது. "கடைசி டேங்கில் இருப்பது எப்போது முடியும், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று ப்ரூஸ் விளையாட்டாகக் கேட்டார். எல்லோரிடமும் கேட்பாராம்.

நான் யோசித்துச் செய்யவில்லை. குனிந்து, டேங்கின் இடுப்பில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்ற இரும்புக்கு அந்தப் பக்கம், மிக லேசாக, சளசளவென்று ஒரு பேச்சு. விட்டு விட்டு வந்தது. "ரெண்டு நாள்" என்றேன்.

ப்ரூஸ் பக்கத்தில் தொங்கிய அட்டையைப் புரட்டினார். அவர்கள் அளவுக்கருவி போட்டுக் கணக்கிட்டதும் இரண்டு நாள்தான். "உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். அங்கே இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிருதுளாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் ஆயுளில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டுப் பழக்கம்" என்றேன். "கம்ப்ரசரும் இப்படித்தான் பேசும்."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். வாய் கூசவில்லை.

4

கற்றுக்கொடுத்தவர் என் நைனா. பெயர் முனிரத்தினம். ஆந்திராவின் விஜயபுரம் மண்டலத்தில் ஓர் ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் தமிழ்நாடு. கொஞ்சம் நிலம் இருந்தது. வேர்க்கடலை போடுவார். ஆகவே நைனா விவசாயி என்று நான் எல்லா விண்ணப்பங்களிலும் எழுதியது பொய் இல்லை. கடலை பிடுங்கிய பிறகு மிச்ச மாதமெல்லாம் அவர் சாராயம் காய்ச்சினார் என்பதற்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

வெல்லமும் வேலம்பட்டையும் தண்ணீரும் போட்டு ஊறல் பானைகளை மண்ணில் புதைத்து, வாயைத் துணியால் கட்டி, மேலே முள்ளை இழுத்துப் போட்டுவிடுவார். ஓடைக்கு இரண்டு கரையிலும் பானைகள் உண்டு. ஆந்திரா எக்சைஸ் ஜீப் வந்தால் அடுப்பும் அண்டாவும் ஓடை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் குடிபோய்விடும். தமிழ்நாட்டு போலீஸ் வந்தால் திரும்ப ஆந்திராவுக்கு. ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. ஜீப்பில் வந்தவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லை அதோடு சரி.

பானையின் மேல் என்னைப் படுக்க வைத்துக் காதை மண்ணில் வைக்கச் சொல்வார்.

"இன்னாடா சொல்லுது?"

"பேசிக்கினே கீது நைனா."

"அப்ப உடு. பேச்சு நிக்கட்டும்."

பேச்சு நின்றால் ஊறல் தயார். நைனா காய்ச்சியதில் ஒரு சொட்டுக்கூட அவர் குடித்ததில்லை. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். கரண்டியில் ஊற்றித் தீக்குச்சி காட்டுவார். அவ்வளவுதான்.

இதைப் பெருமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் எங்கள் சரக்கைக் குடித்தே கூலியை முழுக்கத் தொலைத்தவன். ஒரு நாள் காலையில் அவன் வாந்தி எடுத்த லுங்கியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டாள். "உம் புள்ள படிக்கறதுக்கு எம் புள்ளைங்க பட்னி கெடக்கணுமாயா?" என்று கத்தினாள். நைனா தலையைத் தூக்கவில்லை. நான் அப்போது புத்தூரில் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. பள்ளிக்கூடத்தில் என்னை "சாராவாடி கொடுகா", சாராயக்காரன் மகனே, என்று தெலுங்கில் கூப்பிட்ட பசங்களைக்கூட மறந்துவிட்டேன், அந்த லுங்கியை மறக்கவில்லை. நைனா ஒரு தடவை பிடிபட்டு, கேஸாகி, சித்தூரில் சில வாரங்கள் உள்ளேயும் இருந்தார்.

இத்தனையையும் நான் மிருதுளாவிடம் எப்படிச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அவள் பதினாறு வயதில் ஒரு பிறந்தநாள் விருந்திலிருந்து பீர் வாடையோடு வீட்டுக்கு வந்தாள். சோபாவில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். "உங்க தாத்தா ஒரு விவசாயி. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அப்படிப்பட்ட குடும்பம் நம்முடையது" என்றேன். உண்மையை மட்டுமே வைத்துக் கட்டிய பொய் அது. ஒரு செங்கல்கூட மாற்ற வேண்டியதில்லை.

நைனா என்ற சொல்லையே அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. அப்பா என்று கூப்பிடப் பழக்கினேன். துன்னு என்று என் வாயில் வந்துவிட்டால் சாப்பிடு என்று திருத்திக்கொள்வேன். டிவியில் பேசுகிற தமிழைத்தான் வீட்டில் பேசினோம். இப்போது அவளுக்கு அதுவும் பாதிதான் வருகிறது. பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் மைக் பிடித்து அழுகிறோம். அவள் என்னிடம் வர நான் வழியே விடவில்லை என்பதை எந்த மைக்கில் சொல்வது?

5

டேங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் மிருதுளா லேப்டாப்பைத் திறந்தாள். அவளுடைய பீர் கேனில் ஒட்டப் போகிற லேபிள் அதில் இருந்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பச்சை நிறத்தில் ஒரு கடலைச்செடி, கீழே பீரின் பெயர்: முனி.

"தாத்தா பேர்" என்றாள். "ப்ரூஸ்தான் சொன்னார், உன் குடும்பத்திலிருந்து ஒரு பேர் வை என்று. பின்பக்கம் படிங்க அப்பா."

ஆங்கிலத்தில் இரண்டு வரி. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: என் தாத்தா முனிரத்தினம் ஒரு விவசாயி. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவர். தாத்தா, மன்னித்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்காக.

ப்ரூஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். வசந்தா டேபிளுக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். சொல்லிவிடுங்கள் என்றா, வாயைத் திறக்காதீர்கள் என்றா, எனக்கு விளங்கவில்லை. "நல்லாருக்கும்மா" என்றேன். ஐந்து கிளாஸையும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் காய்ச்சியது நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

ஆனால் என்னை அரித்தது லேபிள் மட்டும் இல்லை. சாராயத்தை மறைத்தது ஒரு வெட்கம் என்றால், அதற்குள்ளே இன்னொன்று இருக்கிறது. வசந்தாவிடம்கூட நான் சொல்லாதது.

அப்போது நான் ஊரில் இருந்தேன், வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தேன். திருப்பதியில் ஒரு ஏஜென்ட், "ஃபேமிலில கேஸ் ஏதாவது இருந்தா கஷ்டம் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தான். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும், எந்த நாள் என்று தெரியாது. நைனா மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"நைனா, போலீஸ்காரரு வந்து போற வரைக்கும் நீ எங்கனா போய் இருக்கியா?"

"எத்தினி நாளு?"

"நாலஞ்சு நாளு."

கயிற்றை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தார். "ரெண்டு சட்ட போதுமா?"

"போதும் நைனா."

அவ்வளவுதான் பேச்சு. கோபம் இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. மஞ்சள் பையில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறிவிட்டார். ஐந்தாம் நாள் கான்ஸ்டபிள் வந்தார். உங்க அப்பா என்ன செய்கிறார் என்று தெலுங்கில் கேட்டார். "வ்யவசாயம் சார்" என்றேன். எழுதிக்கொண்டார். காபி குடித்தார். கிளம்பும்போது கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பெத்தாயன லேடா?" என்றார். பெரியவர் இல்லையா என்று கேட்கிறார்! ஒரு பாட்டில் கிடைக்கும் என்று வந்திருக்கிறார் மனிதர். அவருக்கு நைனாவைப் பல வருஷமாகத் தெரியும்.

இதில் இன்னும் ஒரு கேவலம் இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கேட்டிருந்தது என் மேல் கேஸ் உண்டா என்று மட்டும்தான். அப்பன் மேல் இருக்கிற கேஸை யாரும் கேட்கவே இல்லை. இங்கே வந்த பிறகு, குடியுரிமைக்காகப் பழைய காகிதங்களைத் தேடும்போதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நைனா அப்போது உயிரோடுதான் இருந்தார். போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவர் போய்ச் சேர்ந்தார். நான் விமானம் ஏறிப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் மிருதுளா சாப்பிட வந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "அந்த லேபிளை அனுப்பாதே" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஊறல் பானை, ஓடை, காதை வைத்துக் கேட்டது, கன்னியம்மாவின் லுங்கி, சித்தூர் ஜெயில். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நடுநடுவே தமிழில். வசந்தா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தாத்தா காய்ச்சினாரா? நிஜமாவா? அப்ப எனக்கு இது ரத்தத்திலேயே இருக்கா?" என்றாள். கன்னியம்மாவைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "இதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?" என்றாள். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். ஆயுள் முழுக்க நான் பொத்தி வைத்திருந்தது அவளுக்கு ஒரு நல்ல கதை. எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் பாஸ்போர்ட் விஷயத்தையும் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். கான்ஸ்டபிள் பாட்டில் கேட்டதை நடித்துக்கூடக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அந்த அஞ்சு நாள் தாத்தா எங்க தூங்கினார்?" என்று கேட்டாள்.

ஆறாம் நாள் அவர் வீட்டுக்குள் வந்தபோது, "துன்னியா நைனா?" என்று கேட்டேன். எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா."

"தெரியாதா?"

வசந்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எழுந்து போனை எடுத்தேன். ஊரில் காலை ஏழரை இருக்கும். தம்பி தாமு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நைனாவோடு கடைசி வரைக்கும் இருந்தவன் அவன்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாமு, எனக்குப் பாஸ்போர்ட்டு விசாரணை வந்துச்சே, அப்ப நைனா எங்கடா இருந்துச்சு?"

ஆட்டோ இன்ஜின் சத்தம் நின்றது. "இன்னாண்ணா, இத்தினி வருசம் கழிச்சுக் கேக்கற?"

"சொல்லுடா."

"கார்வேட்டிநகரத்துல பெரிம்மா வூட்டுக்குப் போறன்னு அம்மாகிட்ட சொல்லிச்சு. அங்க போவல. போனா இன்னாத்துக்கு வந்தன்னு கேப்பாங்க இல்ல? திருப்பதில அலிபிரில இருந்துச்சுண்ணா. மலைக்கு நடந்து போறவங்க படுக்கற எடத்துல படுத்துக்கினு, யாரனா குடுக்கற பொட்டலத்த துன்னுக்கினு இருந்துச்சாம். எனக்கே ரொம்ப நாளு கழிச்சுதான் சொல்லிச்சு."

"மலை ஏறிச்சா?"

"ஏறல."

"அஞ்சு நாளு அடிவாரத்துல இருந்துட்டா?"

"நானும் அதத்தாண்ணா கேட்டன். அவ்ளோ தூரம் போயி சாமி பாக்காம வந்தியா நைனான்னு. 'பெத்த புள்ளையே எம் மூஞ்சி தெரியக் கூடாதுன்றான், இந்த மூஞ்சிய சாமிக்கு எப்பிடிடா காட்டறது'ன்னுச்சு. சிரிச்சுக்கினேதான் சொல்லிச்சுண்ணா. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

சவாரி காத்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

மிருதுளாவுக்கு அவன் பேச்சு பாதிதான் புரிந்திருந்தது. மீதிப் பாதியைச் சொல்லித் தராதவன் நான். அலிபிரி என்ற பெயர் மட்டும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அங்கிருந்து என் தோளில் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறாள். லேப்டாப்பைத் திறந்து லேபிளில் இருந்த இரண்டு வரியையும் அழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வார்த்தை வார்த்தையாகக் கோத்துத் தமிழிலேயே கேட்டாள்.

"தாத்தா ஏன் மேல போகலை?"

ஏஜென்ட் சொன்னான், அந்தக் காலம் அப்படி, எனக்கும் வயசு பத்தவில்லை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாம் நுனி நாக்கில் தயாராகத்தான் நின்றது.

"என்னாலதாம்மா" என்றேன்.